ரெய்னியர் தெரிந்தது, பேக்கர் தெரியவில்லை: பில்சக் மலையில் ஓர் இரவு

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு முழுவதையும் வாஷிங்டன் மாநிலத்தின் பில்சக் மலையில், ஒரு பெரிய பாறைக்கும் குட்டையான ஹெம்லாக் மரத்துக்கும் இடையில் ஒடுங்கி உட்கார்ந்தபடி கழித்தேன். கால் சுளுக்கியிருந்தது. ஜீன்ஸ் முழங்கால்வரை நனைந்திருந்தது. போனில் 9 சதவீதம் சார்ஜ். என்னைத் தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் நான்கு பேர் வந்து என்னைக் கீழே அழைத்துப் போனார்கள். அந்த ஒரு நாளால் 2,400 டாலருக்கு மேல் போனது. அதைவிடப் பெரிய இழப்பு, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக முடியாமல் போனது. சியாட்டில் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் வார இறுதியில் இதே மலைக்குப் போகிறார்கள். போகுமுன் யாராவது இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

எனக்கு மலைகளைவிட மலைகளின் பெயர்கள் மேல் பைத்தியம். மனைவியும் மகளும் ஆகஸ்டில் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். வீட்டில் தனியாக இருந்த அந்த இரண்டு மாதமும் அந்தப் பெயர்களைத் துருவிக்கொண்டே இருந்தேன். எந்த மலைக்கு யார் என்ன பெயர் வைத்தார்கள், அதற்கு முன்னால் அங்கிருந்த மக்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்று படித்துப் படித்து ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். பதினோரு பக்கம் ஆகிவிட்டது. எழுதியதையெல்லாம் ஒரே இடத்தில் நின்று நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஏற்ற இடம் தீ கண்காணிப்புக் குடில்தான். காட்டில் எங்கே புகை கிளம்பினாலும் தெரிய வேண்டும் என்பதற்காக, நாலாபக்கமும் மறைப்பில்லாத உச்சியாகத் தேடிக் கட்டிய குடில்கள் அவை. இங்கே எல்லோரும் லுக்அவுட் என்றே சொல்கிறார்கள்.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா காடுகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு தீயைச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதில் அமெரிக்க வனத்துறை தீவிரமாக இறங்கியது. 1930-களில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தின் கீழ் மேற்கு மாநிலங்களின் மலையுச்சிகளில் நூற்றுக்கணக்கான குடில்கள் எழுந்தன. பெரும்பாலும் 14 அடிக்கு 14 அடி அளவில் ஒரே அறை, நாலு சுவரும் ஜன்னல். கோடை முழுக்க ஒரே ஆள் அங்கே தங்கி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மின்னல் வெட்டும் நேரத்தில் ஏறி நிற்பதற்குக் கண்ணாடிக் கால் வைத்த முக்காலி ஒன்று வைத்திருப்பார்கள். இன்று விமானமும் கேமராவும் வந்துவிட்டதால் பெரும்பாலான குடில்கள் இல்லை. பில்சக் உச்சியில் இருப்பதை மவுண்டனியர்ஸ் என்ற மலையேறிகள் சங்கத்தின் எவரெட் கிளையினர் பழுதுபார்த்துப் பராமரிக்கிறார்கள். உள்ளே ஜன்னல்களுக்கு மேலே, எந்தத் திசையில் எந்தச் சிகரம் என்று படம் போட்டு எழுதியிருக்கிறது. என்னை இழுத்தது அந்தப் படங்கள்தான்.

பில்சக் என்ற பெயரே எனக்குப் பிடித்த பெயர். இந்தக் கடற்கரையில் பல மொழி பேசிய பூர்வகுடிகளும் விலங்குகளின் மென்மயிர்த்தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர்களும் பேசிக்கொள்வதற்காக உருவான சினூக் ஜார்கன் என்ற கலப்பு மொழியில் 'பில்' என்றால் சிவப்பு, 'சக்' என்றால் தண்ணீர். செந்நீர். ஓடும் தண்ணீருக்கு வைத்த பெயர் மலைக்கும் ஏறிக்கொண்டது. உயரம் 5,300 அடிக்குக் கொஞ்சம் மேலே. ஏறி இறங்க மொத்தம் ஐந்தரை மைல்கூட இல்லை. ஏற்றம் சுமார் 2,200 அடி. இந்த எண்களைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். ஐந்தரை மைல்தானே, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மைலை வைத்து மலையை எடைபோடாதீர்கள். இந்த மலையின் கடைசிப் பகுதி பாதையே இல்லை, பாறைக் குவியல். கையையும் ஊன்றி ஏற வேண்டும். கூட்டம் கூட்டமாகக் குழந்தைகளுடன் ஏறுகிறார்களே என்று பார்த்து எளிதான மலை என்று நினைத்துவிட்டேன். மீட்புக் குழுவினர் அடிக்கடி தேடிப் போகும் மலைகளில் இதுவும் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று காலை சாவகாசமாக எழுந்து துணி துவைத்துவிட்டு, கிரானைட் ஃபால்ஸ் வழியாக வெர்லாட் தாண்டி, மலைச்சாலையில் ஏழு மைல் ஏறி, பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி 12:30. மனைவிக்கு "மலைக்குப் போறேன், நைட் பேசலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. எந்த மலை என்று சொல்லவில்லை. முதுகுப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் முறுக்கு, நோட்டு, பேனா, மெல்லிய ஒரு ஜாக்கெட். டார்ச் இல்லை. மழைச்சட்டை இல்லை. போனில் சிகரங்களின் பெயர் காட்டும் ஆப் இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். லேப்டாப் பையைக் காரின் பின்சீட்டுக்குக் கீழே தள்ளி வைத்தேன். முந்தின நாள் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனதால் என் பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன், யார் இந்தக் காட்டில் வந்து எடுக்கப்போகிறார்கள் என்று பூட்டிவிட்டு நடந்தேன்.

ஏற்றம் அருமையாக இருந்தது. முதலில் வயதான மரங்களுக்கு நடுவில் ஈரமான வேர்ப்பாதை, அப்புறம் பாறைக் களம், அப்புறம் முகடு. முகட்டைத் தாண்டிப் பாதை தெற்குப் பக்கம் திரும்பும்போது ரெய்னியர் சட்டென்று முன்னால் வந்து நின்றது. 14,410 அடி. நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு பெரியது. மூன்றேகாலுக்கு ஏணியில் ஏறிக் குடிலுக்குள் நுழைந்தேன்.

அங்கே நான் கழித்த நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய சந்தோஷமும் தப்பும் அங்கேதான். வடக்கு ஜன்னலில் பேக்கர் மலை. 1792 ஏப்ரல் 30 அன்று கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கப்பலில் இருந்த மூன்றாம் லெஃப்டினன்ட் ஜோசப் பேக்கர் அதைப் பார்த்துச் சொல்ல, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஸ்பெயின்காரர்கள் அதைக் 'கார்மேலின் பெருமலை' என்று எழுதியிருந்தார்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே அந்தப் பகுதியில் வாழும் லம்மி, நூக்சாக் மக்களுக்கு அந்த மலைக்குத் தங்கள் பெயர்கள் இருந்தன. அங்கிருந்து வந்த குல்ஷான் என்ற பெயரை இன்றும் கேட்கலாம்.

தெற்கு ஜன்னலில் ரெய்னியர். பூர்வகுடிகளின் தஹோமா. டகோமா நகரத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அதே 1792-ல் வான்கூவர் தன் கடற்படை நண்பர் பீட்டர் ரெய்னியரின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த மனிதர் அந்த மலையைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் நம் கடலைக் கண்டவர். 1794 முதல் 1805 வரை கிழக்கிந்தியக் கடற்பகுதிக்கான பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. 1795-ல் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தபோது கப்பல்களுக்குத் தலைமை அவர்தான். சென்னையும் திருகோணமலையும் அவர் கப்பல்கள் வந்துபோன துறைகள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் பார்க்கும் பனிமலைக்கும் திருகோணமலைக் கோட்டைக்கும் ஒரே மனிதரின் வழியாக ஒரு முடிச்சு.

கிழக்கில் கிளேசியர் பீக், 10,541 அடி. தாக்கோபெட் என்பது பூர்வகுடிகளின் பெயர். அது எரிமலை என்று வந்தேறிகளுக்கு 1850-கள்வரை தெரியாது. ரெய்னியருக்கு வடக்கே இருக்கும் சின்ன மலையும் ஒரு காலத்தில் புகைந்தது என்று இயற்கை ஆய்வாளர் ஜார்ஜ் கிப்ஸுக்கு எடுத்துச் சொன்னவர்கள் பூர்வகுடிகள்தான். இன்றைய பெயரோடு அது அச்சான வரைபடத்தில் ஏறியதே 1898-ல். மேற்கே பியூஜெட் சவுண்ட் நீர்ப்பரப்புக்கு அப்பால் ஒலிம்பிக் மலைத்தொடர். 1774-ல் ஹுவான் பெரெஸ் என்ற ஸ்பானிய மாலுமி அங்கே இருக்கும் உச்சிக்கு சாந்தா ரோசாலியாவின் பெயர் வைத்தார். 1788-ல் ஜான் மியர்ஸ் என்ற ஆங்கிலேயர் அதைக் கிரேக்கக் கடவுள்களின் இருப்பிடமான ஒலிம்பஸ் ஆக்கினார். பக்கத்திலேயே, வடகிழக்கில், த்ரீ ஃபிங்கர்ஸ். மூன்று விரல் நீட்டியதுபோல இருக்கும். அதன் ஒரு விரல்நுனியை வெடிவைத்துச் சமன்படுத்தி அங்கேயும் ஒரு தீக்காவல் குடில் கட்டியிருக்கிறார்கள். கயிறு, ஏணி பிடித்துத்தான் ஏற முடியும். அந்தக் குடிலில் இருந்தவருக்கும் பில்சக்கில் இருந்தவருக்கும் நடுவில் எத்தனை பள்ளத்தாக்கு என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்து நோட்டில் டிக் போட்டேன். விடுபட்டதை எழுதினேன். போனில் வீடியோ எடுத்தேன், ஆப்பை ஓடவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது குடிலில் யாரும் இல்லை. மணி ஐந்து. மேற்கில் நீர்ப்பரப்பு மறைந்து வெள்ளையாக ஏதோ மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. போனில் 31 சதவீதம்.

மலையில் மேகம் கீழிருந்து மேலே வரும் என்பது எனக்குத் தெரியாது. இறங்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பதினைந்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஏறும்போது ஆட்கள் பின்னாலேயே போனதால் நான் பாதையைக் கவனிக்கவே இல்லை. இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள். ஏறும்போது நாலைந்து முறை நின்று திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது அந்த இடம் அப்படித்தான் தெரியும், ஏறும்போது பார்த்த மாதிரி தெரியாது. குறிப்பாக, பாதை முகட்டைக் கடக்கும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பில்சக்கில் உச்சியிலிருந்து வரும் வழி கொஞ்ச தூரம் தெற்குப் பக்கமாக வந்து, முகட்டைத் தாண்டி வடக்கே இறங்குகிறது. கார் நிற்பது உச்சிக்கு வடமேற்கில். நான் அந்தத் தாண்டும் இடத்தைத் தவறவிட்டுத் தெற்குப் பக்கமே இறங்கிக்கொண்டிருந்தேன். பாறைமேல் தேய்ந்த தடம் போலத் தெரிந்ததையெல்லாம் பாதை என்று நம்பினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் காலடியில் புதர் வந்தபோதுதான் உறைத்தது. அப்போதே நின்று வந்த வழியே ஏறியிருக்க வேண்டும். கீழே போனால் ரோடு வந்துதானே ஆக வேண்டும் என்று மேலும் இறங்கினேன். இங்கே அப்படி ரோடு வராது. நீரோடையும் செங்குத்துப் பாறையும்தான் வரும். ஈரப்பாசியில் கால் வழுக்கி இரண்டு பாறைகளுக்கு நடுவில் இடது கணுக்கால் மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்தபோது வலியில் நான் போட்ட சத்தம் எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது.

மணி ஆறே முக்கால். இருட்டிவிட்டது. போன் 14 சதவீதம், சிக்னல் ஒரு கோடு. அப்போதே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஹெலிகாப்டர் வந்தால் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் பில் வரும், வேலை, விசா எல்லாம் சிக்கலாகும் என்று பயந்தேன். காலையில் வெளிச்சம் வந்ததும் நொண்டிக்கொண்டாவது போய்விடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது முழுக்க முழுக்கத் தவறான பயம். வாஷிங்டனில் காணாமல் போனவர்களைத் தேடி மீட்பது கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின், அதாவது மாவட்டக் காவல் அலுவலகத்தின், பொறுப்பு. வருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மீட்டதற்காக அவர்கள் பில் அனுப்புவதில்லை. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் செலவு தனி, அவ்வளவுதான். விசாவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பில்லுக்குப் பயந்து இருட்டில் நடந்து உயிரை விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே அழைத்தால் தேடி வருகிறவர்களுக்கும் ஆபத்து குறைவு.

அந்த இரவை விவரிக்க எனக்கு இன்னும் தைரியம் முழுதாக வரவில்லை. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பத்து மணிக்குப் பல் அடிக்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. முதுகுப்பையைக் காலி செய்து இரண்டு காலையும் அதற்குள் நுழைத்துக்கொண்டேன். ஹெம்லாக் கிளைகளை ஒடித்துக் கீழே பரப்பினேன். ஈரத்தரையிலிருந்து வரும் குளிர் காற்றில் வரும் குளிரைவிட மோசம் என்று அன்று தெரிந்தது. முறுக்கை ஒவ்வொன்றாக நேரம் வைத்துச் சாப்பிட்டேன். போனை அணைத்து, உள்சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்தேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மகள் பேசும் மழலையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு சமயம் குளிரே தெரியாமல் தூக்கம் கண்ணைச் சொருகியது. அது நல்லதல்ல என்று புரிந்து, மலைகளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். வடக்கே பேக்கர், தெற்கே ரெய்னியர், கிழக்கே கிளேசியர், மேற்கே ஒலிம்பஸ். திரும்பத் திரும்ப.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அதில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனித்தேன். பில்சக் உச்சியிலிருந்து பேக்கர் கிட்டத்தட்ட நேர் வடக்கு, சுமார் 50 மைல். ரெய்னியர் கிட்டத்தட்ட நேர் தெற்கு, 80 மைலுக்குச் சற்று மேலே. கிளேசியர் பீக் ஏறக்குறைய நேர் கிழக்கு, 30 மைல் சொச்சம். மூன்று எரிமலைகள் மூன்று திசைகளில். மேற்கே கடலும் நகர விளக்கும். குடிலுக்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்று அத்தனை பெயரையும் எழுதினேன், ஒன்றுக்குக்கூடத் திசை எழுதவில்லை. தீக்காவலர்கள் அப்படிச் செய்யவில்லை. குடிலின் நடுவில் ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர் என்ற கருவி இருக்கும். வனத்துறையில் வேலை பார்த்த வில்லியம் ஆஸ்போர்ன் உருவாக்கியது. வட்டத் தட்டில் சுற்றுப்பகுதியின் வரைபடம், விளிம்பில் 360 பாகை, குறிபார்க்க ஒரு துளை. புகை தெரிந்தால் அதை நோக்கித் திருப்பி, கோணத்தைப் படித்து, டெலிபோனில் சொல்வார்கள். எந்த மலைக்கு இந்தப் பக்கம், எந்தப் பள்ளத்தாக்கில் என்று பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். இன்னொரு குடிலில் இருப்பவரும் தன் கோணத்தைச் சொன்னால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ. அவர்களுக்கு மலைப்பெயர் என்பது வேலைக்கான கருவி. பெயரைத் தப்பாகச் சொன்னால் ஆட்கள் தப்பான பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். வடக்கே ராஸ் ஏரிக்கு மேலே இருக்கும் டெசலேஷன், அதாவது பாழ், என்ற சிகரத்துக்குப் பெயர் வந்ததே 1926-ல் மின்னல் தீ அந்தச் சரிவைப் பாழாக்கிய பிறகுதான். பெயரும் தீயும் திசையும் அந்த மனிதர்களுக்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்திருக்கிறது. நான் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

விடியற்காலை மேகம் கீழே அமிழ்ந்தது. முதல் வெளிச்சத்தில் நேர் எதிரே, மேகக் கடலுக்கு மேலே ரெய்னியர் இளஞ்சிவப்பாக நின்றது. வலதுகைப் பக்கம் தூரத்தில் நகர விளக்குகள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் உயரமாகப் பாறைச் சுவர், அதற்கு மேலே வெறும் வானம். பேக்கர் இல்லை. த்ரீ ஃபிங்கர்ஸ் இல்லை. ரெய்னியர் தெரிகிறது, பேக்கர் தெரியவில்லை என்றால் நான் முகட்டின் தெற்குப் பக்கம் இருக்கிறேன். காரும் ரோடும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். இரவெல்லாம் கார் எனக்குக் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்திருந்தால் ஒவ்வொரு அடியும் தூரமாகத்தான் போயிருப்பேன்.

போனை இயக்கியபோது 6 சதவீதம். 911-ஐ அழைத்தேன். குரல் நடுங்கியது. அழைப்பை எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். பில்சக் உச்சியிலிருந்து தெற்குப் பக்கம் இறங்கிவிட்டேன், ரெய்னியர் நேர் எதிரே, முகடு முதுகுக்குப் பின்னால், மேற்கே நகரம் தெரிகிறது, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இறங்கினேன், கணுக்கால் அடி என்று சொன்னேன். போனிலிருந்து இருப்பிடமும் அவர்களுக்குக் கிடைத்தது, ஆனால் துல்லியமாக இல்லை, நான் சொன்னதையும் சேர்த்துத்தான் இடத்தைக் குறுக்கினோம் என்று பிறகு மீட்புக் குழுவினர் சொன்னார்கள். "நகராதீர்கள்" என்று அந்தப் பெண்மணி மூன்று முறை சொன்னார். நீங்களும் அப்படித்தான் செய்யுங்கள். அழைத்த பிறகு ஒரு அடிகூட நகரக்கூடாது. சிக்னல் பேசப் போதவில்லை என்றால் பல கவுண்டிகளில் 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். புதிய போன்கள் சிலவற்றில் செயற்கைக்கோள் வழியாகவும் உதவி கேட்கலாம். அதை வீட்டில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

பத்தரை மணிக்கு விசில் சத்தம் கேட்டது. நான்கு பேர். காய்ந்த உடை, சூடான தண்ணீர், கணுக்காலுக்குக் கட்டு. யாரும் என்னைத் திட்டவில்லை. வயதில் மூத்தவர் ஒருவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார், இது என்ன எழுத்து என்று கேட்டார். தமிழ் என்றேன். எந்த மலை எங்கே எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி மறக்கட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. முகட்டின் மேல் ஏறி நின்றதும் வடக்கே வெள்ளையாகப் பேக்கர் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

காருக்கு வந்தால் பின்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. லேப்டாப் பை இல்லை. பாஸ்போர்ட்டும் போச்சு. மலைப்பாதை வாகன நிறுத்தங்களில் கண்ணாடி உடைப்பது இந்தப் பக்கம் சகஜம் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். காரில் எதையும் விடாதீர்கள், காலிப் பையைக்கூட. கண்ணாடிக்கு 380 டாலர், காப்பீடு போகக் கணுக்கால் சிகிச்சைக்கு 460, என் சொந்த லேப்டாப் 900, டிசம்பர் விமான டிக்கெட்டை ரத்து செய்ததில் 640. ஒன்பது நாள் விடுப்பு. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் புகார், புதிய விண்ணப்பம், அதன் கட்டணம், காத்திருப்பு. அதைவிடப் பெரியது பழைய பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை. தொலைந்த அமெரிக்க விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு திரும்ப வாங்க முடியாது. ஊருக்குப் போனால் அங்கே தூதரகத்தில் புதிதாக வாங்கித்தான் திரும்பி வர முடியும். நேர்காணல் தேதி எனக்குத் தோதாகக் கிடைக்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாலை மாற்றியதை நான் வீடியோ காலில் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "கால் எப்படிப்பா இருக்கு" என்று மட்டும் கேட்டார். பாஸ்போர்ட், விசா, அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு எல்லாவற்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்திருந்ததால் வேலைக்குப் பிரச்சினை வரவில்லை. நீங்கள் இன்னும் எடுத்து வைக்கவில்லை என்றால் இன்றே எடுத்து வையுங்கள்.

மனைவி அந்த இரவு எட்டு மணியிலிருந்து, அங்கே ஞாயிறு காலை, போட்ட போன் எதுவும் எனக்கு வரவில்லை. சியாட்டில் பக்கம் பாத்தெலில் இருக்கும் நண்பரை எழுப்பியிருக்கிறாள். அவர் எங்கே போய்த் தேடுவார்? அவருக்குத் தெரிந்தே இந்தச் சுற்றில் இருபது மலை இருக்கிறது. மறுநாள் பேசியபோது, "எந்த மலைன்னாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பெயர்களைச் சேர்ப்பதற்காகவே போன நான், சொல்ல வேண்டிய ஒரே பெயரை அவளிடம் சொல்லாமல் போயிருந்தேன்.

இப்போது என் பையில் ஹெட்லாம்ப், அதற்கு மாற்று பேட்டரி, பவர் பேங்க், மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, விசில், மெல்லிய வெப்பப் போர்வை, ஒரு வேளைக்கு அதிகமான சாப்பாடு எல்லாம் இருக்கின்றன. சியாட்டிலின் மவுண்டனியர்ஸ் சங்கத்தார் 1930-களிலேயே 'பத்து அத்தியாவசியங்கள்' என்று இப்படி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றும் புதிதல்ல. வரைபடத்தைப் போனில் இறக்கி வைப்பதோடு தாளிலும் ஒன்று எடுத்துப் போகிறேன். சின்ன காம்பஸ் வாங்கினேன். வாஷிங்டனில் அதன் முள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 15 பாகை கிழக்கே தள்ளிக் காட்டும், அதைச் சரிசெய்து படிக்கக் கற்றுக்கொண்டேன். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், எந்தக் குடிலிலிருந்து எத்தனை பாகை என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உச்சியில் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்து கடிகாரத்தில் அலாரம் வைக்கிறேன். அலாரம் அடித்தால் எந்த ஜன்னல் பாக்கியிருந்தாலும் இறங்கிவிடுவேன்.

ஜூலையில் திரும்பப் பில்சக் போனேன், நண்பரோடு. கிளம்பும் முன் மனைவிக்கு அனுப்பிய செய்தி இது: "பில்சக் மலை, வெர்லாட் பக்கம். காலை 7-க்கு ஏறுறோம். 11 மணிக்கு உச்சியிலிருந்து இறங்கிடுவோம். மதியம் 3 மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா 911-க்கு இந்தப் பேரையும் கார் நம்பரையும் சொல்லச் சொல்லி பாத்தெல்காரர் வீட்டுக்குப் போன் பண்ணு." மதியம் மூன்று மணி என்றால் அவளுக்கு அங்கே அதிகாலை மூன்றரை. ஒன்றே முக்காலுக்கு நான் "இறங்கியாச்சு" என்று அனுப்பியவுடனே "சரி" என்று பதில் வந்தது. தூங்கியிருக்கவில்லை.